திருநீற்றுப் புதன் கொடுத்த அளவு

என் இரண்டாவது குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு அம்மா ஒரு பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்தாள். விழுப்புரத்தில் நாலு கடை ஏறி இறங்கி எடுத்த புடவை. அரக்கு நிறம், மயில்கழுத்துப் பச்சையில் கரை. ஜாக்கெட் துணியும் புடவையோடு சேர்த்தே நெய்திருந்தது. "இந்தத் துணி ஒண்ணுதாம்மா. வெட்டிக் கெடுத்தா வேற கெடைக்காது. நல்ல டைலரா பாத்து குடு" என்று சொல்லித்தான் என் கையில் கொடுத்தாள்.

நல்ல டைலரிடம்தான் கொடுத்தேன். கெடுக்கப் பார்த்தது நான். அதுவும் கைபேசியில் ஒரு ஆப் சொன்ன எண்ணை நம்பி.

நாங்கள் அப்போது திண்டிவனத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். என் வீட்டுக்காரருக்கு விழுப்புரத்தில் வேலை, தினமும் பஸ்ஸில் போய்வருவார். நான் ஒரு சின்னப் பள்ளியில் டீச்சராக இருந்து, பிரசவத்துக்காக நின்றிருந்தேன். குழந்தைக்கு ஞானத்தகப்பனாக நிற்கவேண்டிய அவருடைய அண்ணன் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும் என்பதால் ஞானஸ்நானம் தள்ளிப்போய், ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு என்று முடிவானது. அதற்குள் கொஞ்சம் இளைத்துவிடவேண்டும் என்று எனக்கு ஆசை. பள்ளியில் கூட வேலை பார்த்த ஒரு டீச்சர்தான் அந்த ஆப்பைப் போட்டுக் கொடுத்தாள். சாப்பிட்டதையெல்லாம் அதில் எழுதவேண்டும். அது கலோரி கூட்டிச் சொல்லும். நாள் முடிந்ததென்று ஒரு பொத்தானை அழுத்தினால், 'எல்லா நாளும் இன்றைப் போலவே இருந்தால், ஐந்து வாரத்தில் உங்கள் எடை இவ்வளவு' என்று பச்சை எழுத்தில் ஆங்கிலத்தில் காட்டும்.

நான் அதில் முதல்முதலாக எழுத ஆரம்பித்த நாள் திருநீற்றுப் புதன், தவக்காலத்தின் முதல் நாள்.

அன்றைக்கு நான் ஒருசந்தி இருந்தேன், ஒரே வேளைதான் முழுச் சாப்பாடு. பால் கொடுக்கிறவர்களுக்கு ஒருசந்தி கிடையாது, அது எனக்கும் தெரியும். ஆனாலும் நெற்றியில் சாம்பலோடு வீட்டுக்கு வந்து இட்லியை வாயில் வைக்க மனசு வரவில்லை. காலையில் வெறும் காப்பி, மதியம் ரசம் சாதமும் அவரைக்காய்ப் பொரியலும், சாயங்காலம் ஒரு டம்ளர் கேப்பைக் கூழ். இப்போது யோசித்தால், அன்று நான் பசியோடு இருந்தது கடவுளுக்காகவா, ஆப்புக்காகவா என்று எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. அப்போதும் தெரியவில்லை. பொத்தானை அழுத்தினேன். அறுபத்தாறு கிலோ இருந்த எனக்கு, ஐந்து வாரத்தில் அறுபத்தொன்று என்றது.

அறுபத்தொன்று! பெரியவளை எல்.கே.ஜி.யில் சேர்த்த வருஷம் என் எடை அதுதான். ஐந்து வாரம் என்கிறது, ஞானஸ்நானத்துக்கோ ஏழு வாரத்துக்கு மேல் இருக்கிறது. அவசரப்படவே வேண்டாம், நடுவில் ரெண்டு வாரம் கையிருப்பு என்று நினைத்துக்கொண்டேன். மறுநாளே எல்.கே.ஜி. வருஷத்து ஜாக்கெட் ஒன்றைப் பெட்டியிலிருந்து தேடி எடுத்து, புதுத் துணியோடு டைலர் அக்காவிடம் போனேன்.

டைலர் அக்காவுக்கு என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். கடைத்தெருவில் மாடியில் ஒரே அறை, ரெண்டு மிஷின். அளவு ஜாக்கெட்டை விரித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"டீச்சர், இது இப்ப ஒங்களுக்கு ஏறுதா?"

"இப்ப ஏறாதுக்கா. ஈஸ்டருக்குள்ள ஏறிடும்."

"யாரு சொன்னா?"

"போன்ல கணக்கு போட்டு வந்திருக்கு."

"போனா?" என்று சிரித்தார். "என் போனு பேசினுகீறப்பவே கட் ஆவுது. ஒங்க போனு ஒடம்ப எளைக்க வெக்குதா? நல்ல போனுதான். சரி, வெச்சிட்டுப் போங்க. கல்யாணத் துணி கெடக்குது, முடிச்சிட்டு வெட்டறேன்."

எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. படித்தவள் கணக்கோடு வந்து சொன்னால் இப்படியா சிரிப்பது?

அடுத்த நாளே அம்மா போனில் பிடித்துக்கொண்டாள். ஒருசந்தி விஷயத்தை யாரோ சொல்லியிருக்கிறார்கள். யாரென்று கேட்கத் தேவையில்லை, விழுப்புரத்தில் மதியச் சாப்பாட்டுக்கு அம்மா வீட்டுக்குப் போகிறவர் ஒருவர்தான். "பால் குடுக்கிறவ பட்டினி கெடப்பாளா? புள்ளைக்கு இன்னாத்த குடுப்ப? சாமி கேட்டுச்சா உன்ன?" என்றாள். தடுப்பூசி போடும் நர்ஸம்மாவும், "நல்லா சாப்பிட்டு நடங்க, அது போதும்" என்றார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. குழந்தை சாதாரணமாக ஒரு வேளை குறைத்துக் குடித்தாலும் என்னால்தான் என்று தோன்றும். அதோடு பட்டினிக்கு முடிவு வந்தது. ஆப்பில் எழுதுவதை மட்டும் விடவில்லை.

எழுதுவதும் லேசான வேலையில்லை. இட்லி அதில் இருந்தது, ஆனால் எந்த வீட்டு இட்லி? எங்கள் வீட்டு இட்லித் தட்டில் குழி பெரிது. கேப்பைக் கூழைத் தேடினால் ஏதோ பிஸ்கட்டைக் காட்டியது. மல்லாட்டைக்கு, அதாவது வேர்க்கடலைக்கு, எட்டு வகை வந்தது, உப்புப் போட்டது, வெண்ணெயாக அரைத்தது என்று. நாங்கள் தின்னுகிற அவித்த மல்லாட்டை மட்டும் இல்லை. அது ஒரு கப் என்கிறது, நான் ஒரு கை என்கிறேன். என் கையா, என் வீட்டுக்காரர் கையா? பெரியவள் தட்டில் மிச்சம் வைக்கிற தோசை யார் கணக்கில் வரும்? குழம்புக்கு உப்புப் பார்க்க நக்கியதை எழுதவேண்டுமா? நான் முதலில் எழுதினேன். மூன்றாம் நாள் விட்டுவிட்டேன்.

இன்னொன்றும் செய்தேன், அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில் அம்மா கோழிக்குழம்பு வைத்த நாட்களில், பாதி எழுதிவிட்டு, பொத்தானை அழுத்தாமல் போனை மூடிவிடுவேன். பொய் சொல்லவில்லை, சொல்லாமல் விட்டேன். நல்ல நாட்களில் மட்டும் பொத்தானை அழுத்தினேன். அதுவும் நல்ல பதிலாகவே சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு நாள் அறுபத்தொன்றரை, ஒரு நாள் அறுபத்திரண்டு.

வீட்டிலிருந்த எடை மிஷின் மட்டும் வேறு சொன்னது. மூன்று வாரம் முடிந்தபோது அறுபத்தைந்தரை. ஹாலில் வைத்துப் பார்த்தேன், சமையலறையில் வைத்துப் பார்த்தேன். வளையலைக் கழற்றிவிட்டும் ஏறினேன். அறுபத்தைந்தரைதான்.

அன்றைக்குத்தான் டீச்சர் புத்தி விழித்தது. பெரியவளின் ரஃப் நோட்டில் கட்டம் போட்டு, ஆப் என்றைக்கு என்ன சொன்னது, மிஷின் என்ன காட்டியது என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். ஒரே வாரத்தில் அது என்னை அறுபத்தொன்றுக்கும் அறுபத்து மூன்றுக்கும் நடுவில் ஏற்றி இறக்கியிருந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூடக் கண்டுபிடிக்கும், அது செய்வது வெறும் பெருக்கல். இன்று மிச்சம் பிடித்த கலோரியை எடுத்து முப்பத்தைந்தால் பெருக்குகிறது. பெருக்கலில் தப்பே இல்லை. நான் கொடுத்த நாள்தான் தப்பு. ஒரு திருநீற்றுப் புதனை முப்பத்தைந்தாக்கி, அந்த உடம்புக்கு ஜாக்கெட் தைக்கச் சொல்லியிருக்கிறேன்.

விழுப்புரம் ஜங்ஷனில் நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது காசு போட்டால் எடை சொல்லும் மிஷின் ஒன்று நின்றது. அட்டையின் ஒரு பக்கம் எடை, மறுபக்கம் பலன். எடையை அப்பா நம்புவார், பலனைப் படித்துச் சிரிப்பார். நான் பட்டதாரியாகியும், ஆப் ரெண்டையும் ஒரே பக்கத்தில் காட்டியதால் ஏமாந்துவிட்டேன்.

அவர் வேலையிலிருந்து வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது எங்க பஸ் கண்டக்டர் மாதிரி. கெளம்பறப்ப ரோடு காலியா இருந்தா, முப்பத்தஞ்சு நிமிஷத்துல திண்டிவனம்னு சொல்லுவாரு. தப்பு இல்ல, அந்த ஸ்பீடுல போனா போயிடலாம். ஆனா விக்கிரவாண்டி டோல்கேட்டு எங்க போச்சு?" என்றார்.

"விளையாடாதீங்க. துணிய வெட்டியிருந்தா அம்மாவுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

"புடவையக் கட்டிக்கினு குளிருதுன்னு சால்வை போத்திக்கோ."

"சித்திரை மாசத்துலயா?"

"அப்போ ஜல்தியா போய் நிறுத்து. எங்கிட்ட இன்னா பேச்சு?"

குழந்தையை அவரிடம் கொடுத்துவிட்டு ஓடினேன். மாடிப்படி ஏறும்போதே மேஜையில் அரக்குத் துண்டு தெரிந்தது. முன்பக்கம், முதுகு, கை எல்லாம் தனித்தனியாகக் கிடந்தன.

"அக்கா, வெட்டிட்டீங்களா?"

"நேத்தே வெட்டியாச்சு டீச்சர். ஏன், பேஜாரா இருக்கீங்க?"

அழுகை வந்துவிட்டது. போன் கணக்கு தப்பு, நான் கொடுத்த அளவு தப்பு, அது அம்மா எடுத்துக் கொடுத்த துணி என்று ஏதேதோ சொன்னேன். அவர் ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, முன்பக்கத் துண்டை என் முன்னால் பிடித்துக் காட்டினார். அளவு ஜாக்கெட்டைவிட ரெண்டு பக்கமும் நல்ல அகலமாக, சாக்பீஸ் கோட்டுக்கு வெளியே துணி விட்டு வெட்டியிருந்தது.

"எளைச்சிடுவேன்னு சொல்லிக்கினு வர்றவங்களுக்கு நான் பக்கத் தையல கடைசியிலதான் போடுவேன். கழுத்து, கை, கொக்கி எல்லாம் முடிச்சி வெச்சிருவேன். பக்கத்த மட்டும் பிரிக்கிற மாதிரி நூலோட்டி வெப்பேன். கல்யாணப் பொண்ணுங்கள்லாம் இதே கததான். வாங்கின நாளு ஒரு ஒடம்பு, கட்டற நாளு ஒரு ஒடம்பு."

"அப்ப ஏன்கா அன்னைக்கே சொல்லல?"

"சொன்னா நம்புவீங்களா? கணக்கு போட்டிருக்கேன்னீங்க." டேப்பை எடுத்து என்னைச் சுற்றிப் போட்டார். "கையத் தூக்குங்க. மூச்ச இழுக்காதீங்க டீச்சர், எங்கிட்டயே இழுக்கிறீங்களா? விடுங்க."

மூச்சை விட்டேன். நோட்டில் எழுதிக்கொண்டார். வெட்டிய துணி அந்த அளவுக்குப் போதுமா என்று கேட்டேன். "இப்பவே சரியா இருக்கும், விரல் அளவு மிஞ்சும். எறங்கினா இன்னும் உள்ள புடிச்சிக்கலாம். ஏறாம மட்டும் பாத்துக்குங்க" என்றார்.

அந்த நாலைந்து வாரம் நான் சாப்பிட்டேன். சாயங்காலம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ரயில்வே கேட் வரை நடந்தேன். ஆப்பில் எழுதுவதையும் நிறுத்தவில்லை, ஆனால் கோழிக்குழம்பு நாளுக்கும் பொத்தானை அழுத்தினேன். அந்த நாட்களில் அது ஐந்து வாரத்தில் அறுபத்தெட்டு என்று மிரட்டியது. அதையும் நம்பவில்லை. ஏழு நாள் சேர்த்துக் கூட்டி ஏழால் வகுத்துப் பார்த்தால் ஓரளவு பக்கத்தில் வந்தது. ஈஸ்டரன்று மிஷின் அறுபத்து நாலரை காட்டியது. ஒன்றரைக் கிலோ இறங்கியிருந்தேன். ஆப் சொன்னது ஐந்து. ஆனாலும் இறங்கியது இறங்கியதுதானே? அல்லது, மிஷின் அன்றைக்குக் கொஞ்சம் குறைவாகக் காட்டியதோ என்னவோ.

ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் காலையில் டைலர் அக்கா கடைசி அளவு பார்த்தார். குண்டூசி குத்திக்கொண்டே, "நாளைக்கு இன்னா சாப்பாடு?" என்று கேட்டார்.

"பிரியாணிதான்."

"ஆட்டுதா, கோழியா?"

"ரெண்டும்."

ரெண்டு பக்கமும் குண்டூசிகளைப் பிடுங்கி, அரை விரல் வெளியே தள்ளிக் குத்தினார். பிறகு மிஷினில் உட்கார்ந்து, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத் தையலை ஒரே மூச்சில் ஓட்டினார்.

மறுநாள் கோயிலில், குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றுவதற்காக ரெண்டு கையையும் உயர்த்தி அவனைப் பிடித்தேன். அக்குளில் பிடிக்கிறதா, தையல் விடுகிறதா என்று பாதி மனசு அங்கேதான் இருந்தது. எங்கும் பிடிக்கவில்லை. அவன் வீறிட்டு அழுததில் அந்தப் பாதி மனசும் அவனிடம் வந்துசேர்ந்தது.

வெளியே வந்ததும் அம்மா என் தோளைத் திருப்பி, முதுகைத் தடவி, பக்கவாட்டில் ஒரு விரலை விட்டுப் பார்த்தாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"துணி நல்லா ஒக்காந்திருக்கு. ஆனா லூசா தச்சிருக்கா உன் டைலரு" என்றாள். "ஒரு சுத்து எளைச்சிட்டியா, இன்னா? வா, மொதல்ல சாப்பிடு."

பிரியாணியை ரெண்டு தரம் போட்டுக்கொண்டேன். கொக்கி ஒன்றும் தெறிக்கவில்லை.