மோட்டார் போடச் சொன்ன சாட்சி

உங்கள் அம்மா உங்களைத் திட்டுவதைப் பதிவு செய்து ஊருக்கே விற்றிருக்கிறீர்களா? நான் விற்றிருக்கிறேன். சத்தியமாகத் தெரியாமல்தான்.

போன வருடம் பங்குனியில் ஒரு பௌர்ணமி அன்று திருப்பரங்குன்றத்தில் நடந்தது இது. அதற்கு முன்னால் என் கூட்டாளியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் என் பெஞ்சுக்காரன், கொட்டாம்பட்டிப் பக்கம் ஊர், எனக்கு மாப்ள. வாயைத் திறந்தால் கும்மிப் பாட்டு வந்து விழும். என்னிடம் ஒரு மைக்கும் லேப்டாப்பும் இருந்தன. பழங்காநத்தத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் நாலு பக்கமும் போர்வையைத் தொங்கவிட்டு, அதுதான் ஸ்டுடியோ என்று பெயர் வைத்தோம். பன்னிரண்டு பாட்டு. டிராக்டர்காரர், வேன்காரர், டீக்கடைக்காரர் எல்லோரும் இன்னமும் பென் டிரைவில்தான் பாட்டுப் போடுகிறார்கள். அதனால் பென் டிரைவில் ஏற்றி, கம்ப்யூட்டர் சென்டரில் பிரிண்ட் எடுத்த லேபிளைப் பசை தடவி ஒட்டினோம். கோணலாகத்தான் ஒட்டியது.

முதலில் போட்டது பத்தே பத்து. பத்தையும் சமயநல்லூரில் ஒரு மொத்த வியாபாரியிடம் சாம்பிளுக்குக் கொடுத்தோம். "ஓடாது தம்பி" என்றார். அதற்குப் பிறகு போனே எடுக்கவில்லை. அப்புறம்தான் மாப்ள கவனித்தான். நாலாவது பாட்டில், குலவை வருவதற்குச் சற்று முன்னால், கீழேயிருந்து அம்மா கத்துவது தெளிவாகப் பதிவாகியிருந்தது.

"கூறுகெட்ட கொரங்கே, தண்ணி வந்துருச்சு, மோட்டாரப் போட்டு விடுடாஆஆ!"

எனக்கு எப்படிக் கேட்காமல் போனது என்கிறீர்களா? இருபத்திரண்டு வருடமாகக் கேட்கிற சத்தம், காது அதைச் சத்தமாகவே எடுத்துக்கொள்வதில்லை. மாப்ள உருண்டு உருண்டு சிரித்தான். எனக்கு மானம் போய்விட்டது. அந்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு, அடுத்த செட்டைப் போட்டேன். அதைத்தான் பௌர்ணமி அன்று கிரிவலக் கூட்டத்தை நம்பி, மடக்கு மேஜை போட்டு விற்றுக்கொண்டிருந்தோம்.

அந்த வாரம் மாப்ளைக்கு உயிர் போகிற வாரம். கான்ஸ்டபிள் வேலைக்குத் தேர்வாகியிருந்தான். ஓட்டம், கயிறு ஏறுவது, மெடிக்கல் எல்லாம் முடிந்து, பாக்கி இருந்தது போலீஸ் வெரிபிகேஷன் மட்டும்தான். பேரில் ஒரு கேஸ் இருந்தால் வேலை காலி.

பதினோரு மணி இருக்கும், ஜீப் வந்தது. புதுப்படத்தைத் திருட்டுத்தனமாக ஏற்றி, பெரிய கம்பெனி பெயர் போட்ட போலி பென் டிரைவ்களை ஒரு கும்பல் பல ஊருக்கு அனுப்புவதாகவும், அதைத் தேடிக் கடை கடையாகச் சோதனை என்றும் பேச்சு. இறங்கியது ஒரு பெண் இன்ஸ்பெக்டர். பக்கத்துக் கடையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்தார். எங்கள் மேஜையிலிருந்தும் ஒன்றை எடுத்தார். இரண்டிலும் ஒரே பெயர், எங்கள் ஆல்பத்தின் பெயர். பக்கத்துக் கடையிலும் எங்கள் பாட்டு விற்கிறது என்று எங்களுக்கே அப்போதுதான் தெரியும். பக்கத்துக் கடைக்காரருடையதில் பளபளவென்று அட்டை, மூலையில் வானவில் மாதிரி மின்னுகிற ஸ்டிக்கர்.

"இதுல எதுடா ஒரிஜினல்?"

"பாத்தாலே தெரியலையா மேடம்? என்னோடதுல ஸ்டிக்கர் மின்னுதுல்ல" என்றார் பக்கத்துக் கடைக்காரர். பைக்கில் வருகிற ஒருவனிடம் வாங்குவதாகவும், அவன் எந்த ஊர் என்று தெரியாது என்றும் சொன்னார்.

என் வாய் சும்மா இருக்குமா? "ஸ்டிக்கர் ஒட்டுனா ஒரிஜினலா மேடம்? அப்ப நெத்தியில ஒண்ணு ஒட்டிக்கிட்டா நானும் கலெக்டர்தான்!"

"அப்படியா? வண்டியில ஏறுங்க கலெக்டரே."

கடைக்காரரையும் சேர்த்து மூன்று பேரும் ஏறினோம். மாப்ள என் தொடையில் கிள்ளினான். "ஒனக்கென்னடா, வாய வச்சுப் பொழச்சுக்குவ. நான் போலீசாகப் போறேன்னு ஊரு பூராம் சொல்லிட்டு, போலீஸ் வண்டியில போறேன்டா!"

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் மேடம் மாப்ளையைப் பார்த்தார். "நீதான பாடுனது? எங்க, ரெண்டு வரி பாடு."

மாப்ள வாயைத் திறந்தான். கோழிக்கு விக்கல் வந்த மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது. லேப்டாப்பில் பைல் இருக்கிறது என்று நான் குதித்தேன். "காப்பி அடிக்கிறவன்கிட்டயும் பைல் இருக்கும்ல" என்றார்.

அடுத்து இரண்டு பென் டிரைவையும் போட்டுக் கேட்டார்கள். எங்களுடையது சுத்தமாக ஓடியது. பளபளப்பு பென் டிரைவில் நாலாவது பாட்டு வந்தது. குலவைக்குச் சற்று முன்னால், "கூறுகெட்ட கொரங்கே..."

நான் நாற்காலியோடு எழுந்துவிட்டேன். "மேடம்! அது எங்க அம்மா!"

ஸ்டேஷனே சிரித்தது. மேடம் மட்டும் சிரிக்கவில்லை. "அம்மாவ வரச் சொல்லு" என்றார்.

அம்மா ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். கல்யாணத்துக்குக் கட்டுகிற பட்டுப்புடவை! "ஸ்டேசனுக்கு வாரோம், நாலு பேரு பாப்பாய்ங்கள்ல" என்று என் காதில் சொன்னாள். மேடம் அவளை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, விஷயத்தைச் சொல்லி, அதே மாதிரி ஒரு தடவை கூப்பிடச் சொன்னார்.

அம்மா தொண்டையைச் செருமினாள். முந்தானையைச் சரி செய்தாள். டிவியில் செய்தி வாசிக்கிறவர்களைப் போல, "தம்பி, தண்ணீர் வந்திருக்கிறதுப்பா. மோட்டார் போடுகிறாயாப்பா?" என்றாள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "பொறந்ததுல இருந்து என்னையத் தம்பின்னு கூப்பிட்டிருக்கியாம்மா நீ?"

"சும்மா இருடா, மேடம் முன்னாடி மரியாதையா பேச வேணாமா?"

திரும்பச் சொல்லச் சொன்னார்கள். இன்னும் மரியாதையாகச் சொன்னாள். மேடம் பெருமூச்சு விட்டு ரைட்டரைப் பார்த்தார். ரைட்டர் கேஸ் எழுதப் பேனா மூடியைக் கழற்றினார். மாப்ள கண்ணை மூடிக்கொண்டான். அவனுடைய காக்கிச்சட்டை அந்தப் பேனா முனையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்போது அம்மாவின் போன் அடித்தது. பக்கத்து வீட்டு அக்கா. இரண்டு நாளைக்கு ஒருமுறை வருகிற தண்ணீர், நேரங்கெட்ட நேரத்தில் வந்திருக்கிறது. அவ்வளவுதான். அம்மாவுக்கு ஸ்டேஷன் மறந்தது, மேடம் மறந்தது, பட்டுப்புடவை மறந்தது. என்னைப் பார்த்துத் திரும்பினாள்.

"கூறுகெட்ட கொரங்கே, தண்ணி வந்துருச்சு, இங்க வந்து ஒக்காந்திருக்க, மோட்டார எவன்டாஆஆ போடுவான்!"

சத்தத்தில் ஏட்டய்யா கையில் இருந்த டீ சட்டையில் கொட்டியது. மேடம் அந்தப் பாட்டைத் திரும்ப ஓடவிட்டார். அதே குரல், அதே இழுப்பு, அதே "டாஆஆ". ரைட்டர் தானாகவே பேனாவை மூடினார்.

"அம்மா, ஒரிஜினல் நீங்கதான்" என்று மேடம் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "கலெக்டரே, இந்தச் சத்தம் இருக்குற பீஸ் யார் யாருகிட்ட போச்சு?"

அப்போதுதான் எனக்கே மண்டையில் உறைத்தது. பத்தும் ஒரே ஆளிடம் போனது. "சமயநல்லூர், மேடம்!"

மறுநாள் மத்தியானம் மேடமே போன் செய்தார். அந்த வியாபாரியின் கடைக்குப் பின்னால் ஒரு குடோன். ஒரே நேரத்தில் வரிசை வரிசையாகக் காப்பி எடுக்கிற மெஷின், பெரிய கம்பெனிகளின் அட்டைக் கட்டுகள், மின்னுகிற ஸ்டிக்கர் சுருள் சுருளாக. எங்கள் பாட்டு அதில் ஒரு மூலையில்தான் கிடந்தது. மீதியெல்லாம் புதுப்படங்கள். பைக்கில் சப்ளை செய்த ஆட்கள் உட்படக் கும்பலே சிக்கிவிட்டது. "ஒங்க அம்மா இல்லைன்னா இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருந்திருப்போம்" என்றார்.

அம்மாவிடம் துள்ளிக்கொண்டு போய்ச் சொன்னேன். "பிடிச்சாய்ங்கல்ல, நல்லது. நேத்து போன தண்ணிக்கு யாருடா பதில் சொல்றது?" என்றாள்.

மாப்ளையின் வெரிபிகேஷன் பிசிறில்லாமல் முடிந்தது. இப்போது போலீஸ் டிரெய்னிங்கில் இருக்கிறான், போனில் அவன் ரிங்டோன் எங்கள் அம்மா. நாலாவது பாட்டில் அம்மாவைத் திரும்ப ஒட்டிவிட்டேன். மானம் போகிறதென்று நான் வெட்டி எறிந்த அந்த மூன்று நொடிதான் அந்த ஆல்பத்திலேயே எவனாலும் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள முடியாத இடம் என்று, ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் தோன்றுகிறது. இன்னும் ஒன்று சொல்லலாம் என்றுதான் இருந்தேன், ஆனால் கீழே தண்ணீர் வந்துவிட்டது.