வலிக்காத விரல்

அண்ணாமலையாரை நம்பி வாழும் அன்பர்களே, என் கால் விரல் போயிருக்க வேண்டியது. போகவில்லை. அதைச் சொல்லத்தான் துடிக்கிறேன்.

கீழ்பென்னாத்தூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். எனக்கு லூபஸ். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் நோய் அது. மூட்டு வலியில் ஊசியில் நூல் கோர்க்கக்கூட முடியாது. இனி பிழைப்பே இல்லை என்று அழுதிருக்கிறேன். "அப்பா, இந்த வலியை எடுத்துவிடு" என்று வேண்டிக்கொண்டு, வெயில் ஆகாது என்பதால் பௌர்ணமி சாயங்காலத்தில் கணவருடன் கிரிவலம் கிளம்பினேன்.

எல்லோரையும் போல வெறுங்காலோடுதான் நடந்தேன். பாதி வழியில் அடி அண்ணாமலை வந்தபோது, எங்களோடு நடந்தவர்கள் கால் வலிக்கிறது என்று உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கோ வலது காலில் கல் குத்தியதுகூடத் தெரியவில்லை. ஒரே பூரிப்பு.

"பாருங்க, சாமி வலிய வாங்கிக்கிட்டாரு," என்றேன்.

கணவர் கடை வெளிச்சத்தில் என் காலைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"விரல் நீலமா இருக்கு. வா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"பாதி கிரிவலத்துல விட்டுட்டுப் போகக் கூடாதுங்க."

"மீதிய நான் வந்து சுத்தறேன். சாமி கோச்சிக்கமாட்டாரு. நீ ஆட்டோல ஏறு."

மலையைக் கும்பிட்டு அழுதுகொண்டே ஏறினேன்.

ரத்தம் எடுத்தார்கள். லூபஸ் ரத்தக் குழாய்களையும் விட்டுவைக்காதாம். குழாயின் உட்சுவர் புண்ணானால் அதைக் காட்டிக்கொடுக்கும் சில பொருள்கள் ரத்தத்தில் கூடும் என்று டாக்டர் அம்மா விளக்கினார். பரிசோதனை முடிவு வரும்வரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். விரலைக் காப்பாற்று அப்பா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"எல்லாம் ஜாஸ்தியாதான் இருக்கும்மா. ரத்தம் சரியா போகாம விரல் மரத்துப்போச்சு, அதான் வலி தெரியல. ஆனா குழாய் முழுசா அடைக்கல. இன்னும் விட்டிருந்தா விரல எடுக்க வேண்டி வந்திருக்கும்," என்றார் டாக்டர்.

ஊசி, மாத்திரை எல்லாம் தொடங்கின. அடுத்த பரிசோதனையில் அளவு கம்மி. நீலம் மெல்ல மறைந்தது. ஒரு நாள் காலையில் அந்த விரல் சுரீரென்று வலித்தது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று கணவர் பயந்து ஓடிவந்தார். வலியை எடு என்று கேட்டவளுக்கு வலியைத் திருப்பிக் கொடுத்தார் என் அப்பன்.

இன்று மிஷின் மிதிக்கிறேன். ஒரு வேளை மாத்திரையும் தவறுவதில்லை. டாக்டர் சொன்னபடி காலுறை போட்டுக்கொண்டு கிரிவலம் போகிறேன். பார்ப்பவர்கள் பார்க்கட்டும்.

அன்பர்களே, நீங்களும் அவரை நம்பிக் கேளுங்கள். வலித்தால் அவரிடம் சொல்லி அழுங்கள். வலிக்க வேண்டிய இடம் வலிக்கவில்லை என்றால், கும்பிட்டுவிட்டு நேராக டாக்டரிடம் போங்கள்.