கசெட்டுக்கு வைத்த பொட்டு

கண்டியில் என் வீட்டு முன்னறையில் மூன்று பழைய கொம்பியூட்டர்கள் இருக்கின்றன. நான் வேலை பார்த்த கந்தோரில் தூக்கி எறியப் போனவற்றை, ஓய்வுபெறும்போது நானே கேட்டு வாங்கி வந்தேன். வெள்ளிக்கிழமைதோறும் கந்தோர்க் கோப்புகளை எல்லாம் காந்த நாடாவில் பிரதி எடுத்து வைப்பதுதான் ஒரு காலத்தில் என் வேலை. இரண்டு தீப்பெட்டியை ஒட்டவைத்த அளவில் ஒரு கசெட். அதை உள்ளே தள்ளினால், நாடாவை ஓட்டுகிற பெட்டி முன்னும் பின்னுமாக முனகிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தில் எத்தனையோ தரம் மேசையிலேயே கண்ணயர்ந்திருக்கிறேன்.

இப்போதும் மத்தியானத்தில் மூடுபனி இறங்கி எதிர்வீட்டுக் கூரை காணாமல் போகும்போது, ஏதாவதொரு கசெட்டைப் போட்டுவிட்டுக் கதிரையில் சாய்ந்திருப்பேன். அப்போது எந்த வருடத்தில் இருக்கிறேன் என்பதே மறந்துபோகும். அம்மாவுக்குப் பைத்தியம் முற்றிவிட்டது என்று மகன் தொலைபேசியில் சிரிப்பான். சிரித்துவிட்டுப் போகட்டும்.

அப்படியொரு மத்தியானத்தில்தான் மஹய்யாவவிலிருந்து அவள் வந்தாள். என்னைவிடப் பத்து வயது இளையவளாக இருப்பாள். குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு, கைப்பையிலிருந்து ஒரு பட்டுத்துணிப் பொதியை எடுத்தாள். உள்ளே ஒரு நாடாக் கசெட். டவுனில் இருக்கிற கொம்பியூட்டர் கடைக்காரர்கள் எல்லாம் அது என்னவென்றே தெரியாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். கடைசியில் ஒரு கடைக்காரப் பையன்தான் என் வீட்டைச் சொல்லி அனுப்பினானாம்.

அவளுடைய கணவர் வீட்டில் இருந்தபடியே கல்யாணக் கார்டுகளுக்கு எழுத்துக் கோத்துக் கொடுத்தவர். கடையில் கிடைத்த எழுத்துகள் பிடிக்காமல், தானே ஒவ்வொன்றாகத் திரையில் வரைந்து வைத்திருந்தார். மகள் தொட்டில் பிள்ளையாக இருந்தபோது, விளையாட்டாக அவளுக்கே ஒரு கல்யாணக் கார்டு செய்தாராம். மாப்பிள்ளையின் பெயர், நாள், மண்டபம் எல்லாம் வெறும் புள்ளிகள். கீழே அழைப்பவர்களாகப் புருஷன், பெண்சாதி இருவர் பெயரும். மகள் பள்ளிக்கூடம் போகிற வயதில் அவர் போய்விட்டார். இப்போது அந்த மகளுக்குக் கல்யாணம்.

இதில் என்ன அவசரம் என்று கேட்டேன். கணவரின் அண்ணன் தன் பெயரைப் போட்டு வேறொரு கார்டு எழுதி அச்சகத்தில் கொடுத்திருக்கிறார். தாலியறுத்தவள் பெயரில் நல்ல காரியத்துக்கு அழைப்பது வழக்கமில்லையாம். வெள்ளிக்கிழமை அச்சு. அதற்குள் கணவர் செய்த கார்டு கிடைத்தால், தம்பி எழுதியதை மாற்றுகிற தைரியம் அண்ணனுக்கு வராது. கிடைக்காவிட்டால் தன் பிள்ளையின் கல்யாணத்துக்குத் தானும் ஒரு விருந்தாளிதான் என்றாள். எனக்குச் சுருக்கென்றது. முகம் தெரியாத அந்த அண்ணன்மேல் பற்றிக்கொண்டும் வந்தது.

நல்ல காலம், கணவர் பாவித்த மென்பொருளும் எங்கள் கந்தோரில் இருந்ததும் ஒன்றுதான். வேறு வேறாக இருந்தால் ஒன்று எழுதியதை இன்னொன்று படிக்காது. ஆனால் சில வாரமாக என் பெட்டியே படுத்துவிட்டிருந்தது. நாடாவை ஓட்டுகிற ரப்பர் உருளை, கண்டி ஈரத்தில் பலாப்பால் மாதிரிப் பிசுபிசுத்துப் போயிருந்தது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, மீன்தொட்டிக் குழாயில் ஒரு துண்டு வெட்டிச் செருகினேன். அடுத்து, பெட்டியையே காணவில்லை என்று மென்பொருள் அடம்பிடித்தது. கொம்பியூட்டரின் வேகத்தைக் குறைக்கிற பொத்தானை அழுத்திய பிறகுதான் கண்டுகொண்டது. பழைய சாமான்கள் கிழடுகளைப் போல, அவசரப்படுத்தினால் காது கேட்காது.

நெடுநாள் கிடந்த நாடாவைப் படிக்குமுன் ஒரு தரம் கடைசிவரை ஓட்டித் திரும்பச் சுற்ற வேண்டும். அந்தக் கட்டளையைக் கொடுத்துவிட்டுச் சாய்ந்துகொண்டேன். முனகல் தொடங்கியது. வெளியே பனியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. தொட்டில் கயிற்றைக் கால்விரலில் கட்டிக்கொண்டுதான் அவர் வேலை செய்வார் என்று அவள் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நாடா ஓடும், தொட்டில் ஆடும், பிள்ளை தூங்கும். சிலவேளை அவரும் தூங்கிவிடுவாராம். கேட்டுக்கொண்டிருந்த எனக்கும் கண் சொருகியது.

சட்டென்று முனகல் மெலிந்து வெறும் விர்ரென்ற சத்தமாகியது. துள்ளியெழுந்து மின்சாரத்தை நிறுத்தினேன். கசெட்டை இழுத்துப் பார்த்தால், நாடா ஒரு சக்கரத்தை விட்டு முழுவதுமாகக் கழன்றிருந்தது.

அப்படி நடக்கவே கூடாது. நாடா முடிகிற இடத்தில் சிறு துளைகள் உண்டு. கசெட்டின் ஓரத்தில் சின்னக் கண்ணாடித் துண்டு ஒன்று பதித்திருக்கும். துளை வழியாக வருகிற ஒளி அந்தக் கண்ணாடியில் பட்டுத் திரும்பினால்தான், முடிந்துவிட்டது என்று பெட்டி அறிந்து நிறுத்தும். விளக்கைப் போட்டுப் பார்த்தேன். கண்ணாடிக்கு முன்னால் கசெட்டில் இருந்த சிறு ஜன்னலில், அடைபோல் காய்ந்த சந்தனம். அதன்மேல் குங்குமம்.

யார் இதைப் பூசியது என்று சத்தமே போட்டுவிட்டேன். அவள் பயந்துபோனாள். சரஸ்வதி பூஜைக்கு வருசாவருசம் இதையும் புத்தகங்களோடு வைப்பார்களாம். கத்தரிக்கோலுக்கு, தையல் மெஷினுக்கு எல்லாம் பொட்டு வைக்கும்போது இதற்கும் வைப்பாளாம்.

"எங்க வைக்கிறதுன்னு தெரியலக்கா. அந்த எடம் மட்டும் கண்ணாடியா மின்னிச்சி. அதான் மொகம்னு நெனச்சேன்."

அவள் நெற்றியைப் பார்த்தேன். வெறும் திருநீறு. தனக்கு வைத்துக்கொள்ளாத பொட்டை இத்தனை வருடமாக இந்தப் பிளாஸ்டிக் துண்டுக்கு வைத்திருக்கிறாள். என் கோபம் போன இடம் தெரியவில்லை. தேத்தண்ணி போடுவதாகச் சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

பிறகு கசெட்டின் திருகாணிகளைக் கழற்றினோம். ஈரப் பஞ்சால் அவள் சந்தனத்தைத் துடைத்தாள். நாடாவின் நுனியை லேசாக நனைத்துச் சக்கரத்தில் ஒட்டி, துளைகள் உள்ளே போகும்வரை விரலால் சுற்றினேன். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுசக்கரத்தைப் பிடித்திருந்தாள். மீண்டும் போட்டபோது நாடா கடைசிவரை ஓடியது, நின்றது, திரும்பியது.

கோப்புகள் ஒவ்வொன்றாக வந்தன. முதலில் அவருடைய எழுத்துகள், அதன் பின்னால் கார்டு. படிக்க முடியாத துண்டுகள் நடுவில் சில வந்தன. ஒவ்வொரு தரமும் நாடா பின்னுக்குப் போய் மறுபடி முயன்றது. அவள் கண்ணை மூடியிருந்தாள். அவளுடைய கால் தரையில் தாளம்போல் அசைந்துகொண்டிருந்ததை நான் கவனித்தேன். மாத்தளைக்குப் போகிற பின்னேர ரயில் எங்கோ கூவியது.

திரையில் கார்டு வந்தது. கொஞ்சம் பருத்து, வால் நீண்ட, வேறெங்கும் நான் பார்த்திராத எழுத்து. நடுவில் மகளின் பெயர் பெரிதாக. புள்ளிகள். கீழே, அன்புடன் அழைக்கும் என்பதற்கு அடியில், இருவர் பெயரும் பக்கத்தில் பக்கத்தில். அவள் திரையைத் தொட்டுப் பார்த்தாள். அழவில்லை.

மாப்பிள்ளையின் பெயரைக் கேட்டு அடித்தேன். நாள், மண்டபம். இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. இறந்தவரின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போடுவதுதான் எங்கள் ஆட்களின் முறை. போடாவிட்டால் அண்ணன் அதையே பிடித்துக்கொள்வார். கேர்சரை அவர் பெயருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, போடட்டா என்று கேட்டேன்.

"வேணாங்கக்கா," என்றாள். "அவரு கூப்புடும்போது உசுரோடதானே இருந்தாரு."

நான் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன்.