பட்டி வைத்த முதுகு

கல்யாணமான புதிதில் என் கணவரின் முகத்தைவிட முதுகைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும். எங்களுடையது பேசிச் செய்த கல்யாணம். பெண் பார்க்க வந்த அன்று நான் தரையைப் பார்த்தேன், அவர் பலகாரத் தட்டைப் பார்த்தார். பிறகு பசறையில் வாடகைக்கு வீடெடுத்துக் குடியேறினோம். மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் அவருக்கு மெஷின் பார்க்கும் வேலை. அதே பாதையில் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சர். காலையில் மோட்டார் சைக்கிளில் என்னைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டுத்தான் அவர் வேலைக்குப் போவார்.

சேலை கட்டியிருப்பதால் ஒரு பக்கமாகத்தான் உட்கார முடியும். அந்தப் பக்கம் பள்ளம். எட்டிப் பார்க்கத் தைரியமில்லாமல் கழுத்தைத் திருப்பி அவர் முதுகையே பார்த்துக்கொண்டு போவேன். பனி இறங்கிய காலைகளில் மலையும் இருக்காது, பாதையும் இருக்காது. அந்த முதுகும் நானும் மட்டும் எங்கோ மிதந்து போய்க்கொண்டிருப்போம். தூக்கமும் விழிப்பும் கலந்த அந்த நேரத்தில், பள்ளிக்கூடம் வராமலே போனால் என்ன என்று தோன்றும். அந்த முதுகில் ஒரு தடவை கன்னத்தைச் சாய்த்துப் பார்க்க வேண்டும் என்றும் தோன்றும். ஆசைதான், சொல்வதற்கென்ன.

ஆனால் விரலைக்கூட வைக்கமாட்டேன். பாதையோரம் எல்லா மலையிலும் கொழுந்து பறிப்பவர்கள் என் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்கள். டீச்சர் புருஷனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போகிறாள் என்று காலையில் ஒருத்தி சொன்னால், கொழுந்து நிறுப்பதற்குள் தோட்டம் முழுக்கப் பரவிவிடும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அதனால் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருப்பேன்.

ஒரு மழை நாளில் வளைவு ஒன்றில் வண்டியிலிருந்து சறுக்கித் தேயிலைச் செடிகளுக்குள் போய் விழுந்தேன். அடி ஒன்றும் பெரிதாக இல்லை. அவர் ஓடிவந்து தூக்கிவிட்டார்.

"புடிச்சுக்கிட்டு உக்காரலாமுல்ல?"

"புடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"கம்பியத்தானே" என்றார். திரும்பி வண்டியை எடுக்கப் போனார். என்னைத் தொடவே இவளுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துவிட்டார் போல. அப்படி இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிள்ளைகளிடம் நாள் முழுக்கக் கத்துகிற வாய், வீட்டுக்கு வந்தால் ஒட்டிக்கொள்ளும். அந்த ஒரு விஷயம் எங்கள் இருவருக்கும் நடுவில் அப்படியே கிடந்தது.

குளிர் கூடியபோது அவருக்கு ஒரு லெதர் ஜாக்கெட் வாங்க ஞாயிற்றுக்கிழமை பதுளைக்குப் போனோம். வெளிநாட்டில் யாரோ போட்டுக் கழித்த உடுப்புகளை விற்கும் கடை. கடைக்கார முஸ்லிம் அண்ணனை எல்லோரும் நானா என்பார்கள். அவர் என் கணவரின் அளவுக்கு மூன்றை எடுத்துப் போட்டார். முன்பக்கம் மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசமெல்லாம் முதுகில்.

ஒன்று, ஒரே தோலில் வெட்டிய வெறும் முதுகு. பார்க்க அழகு. ஆனால் ஹேண்டிலைப் பிடிப்பதுபோல அவர் கையை நீட்டியதும் தோள்பட்டைகளுக்கு நடுவில் விறைத்துக்கொண்டது, கீழ் விளிம்பு மேலேறி இடுப்பு தெரிந்தது. இன்னொன்றில் தோள்களுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒரு மடிப்பு வைத்துத் தைத்திருந்தார்கள்.

"பைக் ஓட்டுற ஆளுக்கு இதுதான் சரி. கைய நீட்டிப் பாருங்க தம்பி. மடிப்பு விரியுதா? முதுகு இழுக்காது" என்றார் நானா.

அவர் கண்ணாடி முன் நின்று கையை வீசிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "பின்னால எப்படி இருக்கு?" என்றார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல என்னைவிட யாருக்குத் தகுதி இருக்கிறது?

"தள்ளி நின்னா என்ன தெரியும் தங்கச்சி? தோள் தையல தொட்டுப் பாருங்க. எலும்பு முடியிற எடத்துல நிக்கணும்" என்று நானா என்னை மாட்டிவிட்டார். கடையில் பாதிப் பதுளை நின்றது. தொட்டேன். தோல் சில்லென்று இருந்தது. உள்ளே ஆள் சூடாக இருந்தார். தையல் எங்கே நின்றது என்று சத்தியமாக நான் பார்க்கவில்லை.

மூன்றாவதைப் போட்டு எனக்கு முதுகைக் காட்டி நின்றார். தோளில் கொஞ்சம் இறுக்கம்தான். ஆனால் இடுப்புக்கு நேரே பின்பக்கம் ஒரு பட்டி. இரண்டு முனையையும் தைத்து நடுவில் விரல் நுழைய இடம் விட்டிருந்தார்கள். இதைப் பிடித்தால் ஜாக்கெட்டைப் பிடித்ததாகத்தானே ஆகும்? புருஷனைப் பிடித்ததாக ஆகாதே? பூனை கண்ணை மூடிக்கொண்டு உலகம் இருண்டது என்கிற கதைதான்.

"இதுதான் நல்லாருக்கு" என்றேன்.

"தோள்ல புடிக்குதே தங்கச்சி."

"போடப் போட இளகிரும்" என்றேன், ஏதோ தோல் வியாபாரத்திலேயே பிறந்து வளர்ந்தவள் போல.

அவர் என்னைப் பார்த்தார். பட்டியைத் தடவிப் பார்த்தார். "இதையே குடுங்க நானா" என்றார்.

அதற்குப் பிறகு காலைகள் இனித்தன. பட்டிக்குள் நான்கு விரலை விட்டுப் பிடித்துக்கொண்டு பாதிக் கண்ணை மூடிக்கொள்வேன். இது எந்தக் குளிர் தேசத்து ஜாக்கெட்டோ, அங்கேயும் ஒருத்தி இந்தப் பட்டியைப் பிடித்துக்கொண்டு போயிருப்பாளோ, அவளுக்கும் யாரையாவது பார்த்து வெட்கமாக இருந்திருக்குமோ என்று நினைப்பு எங்கெங்கோ ஓடும். மலையிலிருந்து மட்டும் சத்தம் வரும்: "டீச்சர் கடிவாளத்தப் புடிச்சுக்கிட்டு போறாங்கடி!" எதைப் பிடித்தாலும் ஊர் பேசத்தான் போகிறது என்பது அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஒரு நாள் பனிக்குள் வளைவொன்றில் வண்டி திரும்பும்போது, பட்டியின் ஒரு முனை அறுந்து என் கையோடு வந்துவிட்டது. யோசிக்க நேரமில்லை. கை தானாகப் போய் அவர் இடுப்பைச் சுற்றிக்கொண்டது. கன்னம் முதுகில் போய் ஒட்டியது. அந்த நேரம் பார்த்துப் பனி விலகியது. மேலே மலை நிறையப் பெண்கள்.

"ஆத்தாடி, டீச்சரப் பாருங்கடி!"

"இறுக்கிப் புடிங்க டீச்சர், இன்னும் வளைவு இருக்கு!"

சிரிப்பு மலை முழுக்க உருண்டது. நான் கையை எடுக்கவில்லை. எடுக்கப் பிடிக்கவில்லை.

பள்ளிக்கூட வாசலில் இறங்கி, தொங்கிக்கொண்டிருந்த பட்டியைக் காட்டினேன். "அறுந்துருச்சுங்க."

"அது போன மாசமே தையல் விட ஆரம்பிச்சிருச்சு. கழட்டி மாட்டுறப்போ பார்த்தேன்."

"பார்த்துட்டுமா தைக்காம விட்டீங்க? நான் விழுந்திருந்தா?"

அவர் காது சிவந்துவிட்டது. "விழ விடுவேனா? அதுக்குத்தானே ஒரு மாசமா வளைவுல எல்லாம் மெதுவா உருட்டிக்கிட்டு வர்றேன்" என்றார். பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறார் என்றல்லவா நான் நினைத்திருந்தேன்.

"இன்னைக்குத் தைக்கக் குடுக்கவா?" என்று கேட்டார். வாசலில் பிள்ளைகள் கூடி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வேணாங்க. மத்தப் பக்கத்தையும் வெட்டி விட்டுருங்க" என்றேன்.