நர்சம்மாவுக்கு ஜீப்பு பார்த்துக் கொடுத்த கதை

1. மழைக்கு முன்னால் வேண்டும்

போடியில் மலைக்கு ஏறுகிற ரோட்டில் எங்கள் பட்டறை இருந்தது. முதலாளி காமாட்சி அண்ணன், நான் மெக்கானிக். எஞ்சின் வேலை போக எனக்கு இன்னொரு சோலியும் உண்டு. பழைய வண்டி வாங்குகிறவர்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்கள். வாங்கலாமா வேண்டாமா என்று நான் சொல்ல வேண்டும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதனால் வண்டி விற்கிறவர்களுக்கு என்னைக் கண்டாலே ஆகாது.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு ஆவணி மாதம் பாலு அண்ணன் பட்டறைக்கு வந்தார். ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரிக்கிற வேலை அவருக்கு. கூடவே அவர் மனைவி ராஜேஸ்வரி. மலை உச்சியில் இருக்கிற மெட்டைத் தாண்டி, கேரளப் பக்கம் ஒரு எஸ்டேட் டிஸ்பென்சரியில் நர்ஸ். ஊரில் எல்லாருக்கும் அவர் நர்சம்மாதான்.

"வண்டி வேணும்ப்பா. ஐப்பசி மழைக்கு முன்னால வேணும்" என்றார் பாலு அண்ணன்.

எதற்கு என்று கேட்டேன். நர்சம்மா சொன்னார்.

"போன கார்த்திகையில பஸ்சு பாதி நாள் ஏறல. நான் போய்ச் சேர்றதுக்குள்ள ஒரு புள்ளத்தாச்சிக்கு லயத்துலயே பிரசவம் ஆகிப்போச்சு. தாயி பொழைச்சது பெரும்பாடு. மேனேஜர் கூப்பிட்டுச் சொல்லிட்டாரு. இந்த மழைக்கும் நேரத்துக்கு வரலைன்னா கோட்டயத்துல இருந்து வேற சிஸ்டரக் கொண்டாந்து அங்கயே தங்க வச்சிருவாராம்."

"நீங்க மேல தங்கிற வேண்டியதுதான?"

"மாமனாரு படுத்த படுக்கையா இருக்காருண்ணே. ராத்திரி அவரத் திருப்பிப் போட ஆளு வேணும்ல."

அந்த வேலை போனால் அவருக்கு வேறு வேலை கிடைக்காமல் போகாது. ஆனால் லயத்து வரிசை வீடுகளில் குடியிருக்கிற தொழிலாளிப் பெண்கள் தங்கள் உடம்பைப் பற்றி வாய் திறந்து சொல்வது அவர் ஒருத்தரிடம்தான். அதை விட்டுவிட்டு வர அவருக்கு மனசில்லை. பேச்சிலேயே அது தெரிந்தது.

பாலு அண்ணனுக்கு வேறொரு கணக்கும் இருந்தது. அவர் தூண்டில் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் ஆனையிறங்கல் டேமில் இருப்பார். "தூண்டில் கம்பு உள்ள நிக்கணும். மழை வந்தா உள்ளேயே ஒரு தூக்கம் போடணும். அப்படி ஒரு வண்டியா பாருப்பா" என்றார்.

2. பார்த்த வண்டிகள்

முதலில் ஒரு அம்பாசிடர். பாலு அண்ணன் பின் சீட்டில் காலை நீட்டிப் படுத்தே பார்த்துவிட்டார். எழுந்திருக்க மனசில்லை. நான் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை. டவுனுக்கும் தார் ரோட்டுக்கும் ராஜா மாதிரி வண்டி. ஆனால் மெட்டைத் தாண்டி எஸ்டேட்டுக்குப் பிரிகிற மண் ரோட்டில் உருண்டைக் கல் கிடக்கும். ஒரு கல் அடியில் இடித்தால் ஆயில் முழுக்கத் தரையில்தான்.

"வயிறு தரையில படாத வண்டியா பாப்போம்ணே" என்றேன். மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு இறங்கினார்.

அடுத்து மிலிட்டரியில் கழித்து ஏலம் விட்ட டிஸ்போசல் ஜீப்பு. நாலு வீலும் இழுக்கும், சேற்றில் விட்டால் எருமை மாதிரி ஏறும். ஆனால் பெட்ரோலைக் குடித்துத் தீர்த்துவிடும். ஒரு சாமான் உடைந்தால் மதுரையில் போய்த் தேட வேண்டும். சாமான் கிடைக்கிற வரைக்கும் வண்டி பட்டறையில் நிற்கும், நர்சம்மா வேலையும் நிற்கும். அதுவும் வேண்டாம் என்றேன்.

கடைசியில் சிலமலைக்காரர் ஒருத்தரின் ட்ரிப் ஜீப்பு. காலையில் காய் எடுக்கிற ஆட்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போய், சாயங்காலம் இறக்கிக்கொண்டு வருகிற வண்டி. பின் வீல் இழுப்புதான். ஆனால் டீசல் எஞ்சின், சாமான் எல்லாம் போடியிலேயே கிடைக்கும். எங்கள் ஊரில் ஜீப்பைக் காலியாக ஓட்டிப் பார்த்து வாங்குகிற வழக்கமே கிடையாது. லோடு ஏற்றிப் பார்த்தால்தான் வண்டி உண்மையைப் பேசும் என்பது எங்கள் எண்ணம். நானும் ஆட்களோடு ஆளாக நெருக்கி உட்கார்ந்து மலையடிவாரத்து முந்தலில் இருந்து மெட்டு வரைக்கும் போனேன். டிரைவர் பாதி உடம்பை வெளியே வைத்துக்கொண்டு ஓட்டினார். கொண்டை ஊசி வளைவு ஒன்றில்கூட எஞ்சின் முனகவில்லை. வாங்கலாம் என்று சொல்லிவிட்டேன்.

இவ்வளவு அலைச்சலிலும் பேசியது, பேரம் பண்ணியது எல்லாம் பாலு அண்ணன்தான். நர்சம்மா வந்து பார்த்துவிட்டு, "சீட்டு கொஞ்சம் முன்னால வந்தா நல்லாருக்கும்" என்றார். முன் சீட்டு ஒரே நீள பெஞ்சு, தள்ளினால் காலை நீட்ட இடம் குறையும் என்று பாலு அண்ணன், "அதெல்லாம் பெறகு பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டார். நர்சம்மா எதற்குச் சொல்கிறார் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

3. தலையணை

காமாட்சி அண்ணனுக்கு ஒரு பழக்கம். பட்டறையில் இருந்து ஜீப்பு வெளியே போகும்போது பின்பக்க ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒரு இரும்புப் பட்டை போட்டுத்தான் அனுப்புவார். கல்யாணத்துக்கு வந்தவர்களுக்குத் தாம்பூலம் கொடுக்கிற மாதிரி அது. ஆட்களை அடைத்துக்கொண்டு மலை ஏறுகிற வண்டிக்குப் பட்டை கூட இருந்தால்தான் தாங்கும். நர்சம்மா வண்டிக்கும் போட்டார்.

வண்டி எடுக்கிற அன்று சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் வைத்து எல்லாம் முடிந்தது. நான் சாவியைப் பாலு அண்ணனிடம் நீட்டினேன். அவர் அதை வாங்கி மனைவி கையில் கொடுத்தார். நர்சம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"யம்மா, நீங்களா ஓட்டப் போறீங்க?" என்றார் காமாட்சி அண்ணன்.

"பின்ன? ராசிங்காபுரத்துல எங்க அப்பா டிராக்டர நான்தான் ஓட்டுனேன். இவரு சைக்கிள்ல போனாலே பிரேக்கு எங்க இருக்குன்னு தேடுவாரு."

பாலு அண்ணன் எங்களோடு சேர்ந்து சிரித்தார். நல்ல மனுஷன்.

ஆனால் நர்சம்மா கால் கிளச்சுக்கு முழுசாக எட்டவில்லை. சீட்டு தரையோடு போல்ட்டு போட்டு இறுக்கியது. கழற்றி, புது ஓட்டை போட்டு முன்னால் தள்ள வேண்டும். நல்ல நேரம் போய்விடும் என்று எல்லாரும் அவசரப்பட்டார்கள். காமாட்சி அண்ணன் வீட்டில் இருந்து ஒரு தலையணையை வாங்கி வந்து முதுகுக்குப் பின்னால் வைத்து அனுப்பிவிட்டோம்.

4. திரும்பி நின்ற ஜீப்பு

ஐப்பசி பிறந்து மழை பிடித்த முதல் வாரத்திலேயே சேதி வந்தது. மெட்டுக்குக் கீழே ஒரு வளைவில் நர்சம்மா ஜீப்பு சறுக்கி, போடியைப் பார்த்துத் திரும்பி நிற்கிறதாம். நல்ல வேளையாகப் பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைச் சுவரில் இடித்து நின்றிருக்கிறது. காயம் இல்லை. ஆனால் அன்றைக்கு டிஸ்பென்சரிக்கு லேட்டு.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அன்று முழுக்க அதே பேச்சு. "பொம்பளைக்கு எதுக்கப்பா மலை ரோடு" என்று ஒருத்தன் சொல்ல, எனக்குச் சுர்ரென்று வந்தது. அந்த வளைவில் சறுக்காத டிரைவர் போடியில் எத்தனை பேர் என்று கேட்டேன்.

சாயங்காலம் பாலு அண்ணன் பட்டறைக்கு வந்தார். "வித்துருவோம்ப்பா. வேல போனாப் போகுது, ஆளு வேணும்ல" என்றார். பின்னாலேயே நர்சம்மா வந்தார்.

"மேனேஜர் என்னைய ஒண்ணும் திட்டல. பேனாவ எடுத்து மேசையில வச்சாரு. இன்னொரு நாளு லேட்டானா கோட்டயத்துக்கு எழுதிருவாராம்" என்றார்.

நான் வண்டியை எடுத்து ஒரு சுற்று ஓட்டினேன், ஆள் இல்லாமல். பிறகுதான் விஷயம் புரிந்தது. கூடுதல் பட்டை போட்ட ஸ்பிரிங்குக்கு மேலே கனம் இல்லாவிட்டால் பின் வீல் தரையில் அமராது. ஒவ்வொரு குழிக்கும் குதிக்கும். காய்ந்த ரோட்டில் குலுக்கலோடு போகும், ஈர ரோட்டில் வழுக்கிவிடும். ட்ரிப் வண்டிக்கு உசிரே அந்தக் கூட்டம்தான். அதைக் காலியாக ஓட்டுகிற ஆள் போடியில் கிடையாது என்பதால் எங்கள் யார் புத்திக்கும் இது எட்டவில்லை.

முதலில் சீட்டைக் கழற்றி முன்னால் தள்ளி மாட்டினேன். தலையணையைக் காமாட்சி அண்ணன் வீட்டுக்குத் திருப்பி அனுப்பினேன். அடுத்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பட்டையைக் கழற்றக் குனிந்தேன்.

"அதக் கழட்டாதீங்கண்ணே" என்றார் நர்சம்மா. "எறங்கும்போது நோயாளி, கூட வர்ற சொந்தக்காரங்கன்னு வண்டி நெறஞ்சு வரும். அப்ப ஒடஞ்சா என்ன பண்றது? ஏறும்போதுதான் காலி."

பேசினது நியாயம்தான். அப்படியானால் ஏறும்போது பின்னால் மண் மூடை போட்டுக்கொள்ளலாம் என்று சொன்னேன். மறுநாள் நானும் கூட வந்து பார்க்கிறேன் என்றேன்.

5. முந்தலில் நின்றவர்கள்

மறுநாள் விடியற்காலையில் நல்ல மழை. மண் மூடைகளைப் பின்னால் அடுக்கிக்கொண்டு கிளம்பினோம். முந்தலில் மரத்தடியில் ஏழெட்டுப் பெண்கள் தலையில் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு நின்றார்கள். ட்ரிப் ஜீப்பு வைத்துக்கொள்ள வசதி இல்லாத, எஸ்டேட்டுக்குப் பக்கத்துச் சின்னத் தோட்டங்களில் காய் எடுக்கப் போகிறவர்கள். பஸ்ஸை நம்பி நிற்கிறார்கள். பஸ்ஸோ வரவில்லை.

நர்சம்மா வண்டியை நிறுத்தினார். "அண்ணே, மூடைய எறக்குங்க."

"எதுக்கு?"

"இவங்கள ஏத்திக்கிறேன்."

எனக்குக் கோபம். மழையில் நனைந்துகொண்டு ஏற்றிய மூடை. "நர்சம்மா, மூடைன்னா போட்ட எடத்துல கெடக்கும். இவங்க ஆளுக்கொரு பக்கம் சாய்வாங்க, சளசளன்னு பேசுவாங்க. இன்னைக்கு லேட்டானா வேல போயிரும், தெரியுதுல்ல?" என்றேன்.

"தெரியாமயா? நீங்க வெரசா எறக்குங்க" என்றார்.

முணுமுணுத்துக்கொண்டே இறக்கினேன். பெண்கள் ஏறினார்கள். முந்தின நாள் சறுக்கின வளைவு வந்ததும் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். வண்டி அமர்ந்து, பிடித்து, ஒரே சீராக ஏறியது. சீட்டு சரியாக இருந்ததால் கிளச்சையும் முழுசாக மிதித்து விட்டார். டிராக்டர் ஓட்டிய கால், அவசரமே இல்லை. மெட்டில் பனிமூட்டம் மூடியிருந்தது. அதிலும் மெதுவாக ஊர்ந்து, தார் ரோட்டை விட்டு எஸ்டேட் மண் ரோட்டில் இறங்கினோம்.

அங்கேதான் மாட்டினோம். பள்ளத்தில் பின் வீல் இறங்கிச் சுற்றியது. மிதிக்க மிதிக்கச் சேறு பின்னால் தெறித்தது. எஸ்டேட் கூரை கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான். அங்கே ஒரு பெண்ணுக்கு நேற்று ராத்திரியே வலி எடுத்துவிட்டது என்று எதிரே ஓடி வந்த வாட்ச்மேன் சொன்னார். நர்சம்மா ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

நான் இறங்கி என்ன செய்யலாம் என்று பார்ப்பதற்குள் பின்னால் இருந்த பெண்கள் தொப் தொப்பென்று குதித்துவிட்டார்கள். ஒருத்தி ரோட்டோரத்துச் செடியை அரிவாளால் வெட்டி வீலுக்கு அடியில் திணித்தாள். தலையில் இருந்த சாக்குகளை வரிசையாக விரித்தார்கள். மற்றவர்கள் வண்டிக்குப் பின்னால் தோள் கொடுத்தார்கள்.

"நர்சம்மா, மெதுவா விடு ஆத்தா! ம்... தள்ளுங்கடி!"

ஜீப்பு ஒரு முக்கு முக்கி மேலே ஏறியது. தள்ளியவர்களுக்கும் எனக்கும் தலை முதல் கால் வரை சேறு. நர்சம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, திரும்பி என்னைப் பார்த்துக் கேட்டார்:

"மண்ணு மூடை எறங்கித் தள்ளுமாண்ணே?"

வாய் நீளமான நான் சேற்றில் கிடந்த சாக்குகளைப் பொறுக்கிக் கொடுக்கிற வேலையை மட்டும் பார்த்தேன்.

டிஸ்பென்சரி வாசலில் மேனேஜர் குடையோடு நின்றுகொண்டிருந்தார். கோட்டயம் பக்கத்துக்காரர். சேற்றில் குளித்து வந்த கூட்டத்தை மேலும் கீழும் பார்த்தார். நர்சம்மா அவருக்கு வணக்கம் சொல்லக்கூட நிற்காமல் உள்ளே ஓடினார். கொஞ்ச நேரத்தில் உள்ளே இருந்து குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. வேலைக்கு நேரமாகியும் அந்தப் பெண்கள் அதைக் கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தார்கள்.

"மதி, மதி. கோட்டயத்துக்கு ஒண்ணும் எழுதண்டா" என்று மேனேஜர் மலையாளத்தில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஆபீசுக்குப் போனார். போதும், எழுத வேண்டாம் என்று அர்த்தம்.

6. இப்போதும் கேட்கிறவர்களுக்கு

அந்த ஜீப்பு பல மழைக்காலம் ஓடியது. முந்தலில் நிற்கிறவர்கள் இல்லாமல் அது மலை ஏறியதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பாலு அண்ணன் தூண்டில் கம்புகள் கூரைக் கம்பியில் கட்டியிருக்கும். நர்சம்மா ஓட்டிக்கொண்டு போவார். டேமில் பாலு அண்ணன் மீன் பிடிப்பார், நர்சம்மா பின் பெஞ்சில் படுத்துத் தூங்குவார். படுத்துத் தூங்க வண்டி கேட்டது ஒருத்தர். தூங்கக் கொடுத்து வைத்தது இன்னொருத்தருக்கு.

பிறகு சின்னக் கார்கள் வந்தன, மூடின ஜீப்புகள் வந்தன. எந்த வண்டி நல்ல வண்டி என்று இன்றைக்கும் என்னிடம் கேட்கிறார்கள். எத்தனை மைல் கொடுக்கும் என்பதில்தான் பேச்சை ஆரம்பிப்பார்கள். நான் அதற்குப் பதில் சொல்வதில்லை. யார் ஓட்டப் போகிறது, பின்னால் யார் உட்காரப் போகிறது, இரண்டை மட்டும் முதலில் கேட்பேன். புருஷன் பெண்டாட்டியாக வந்தால் சாவியைப் பேசுகிறவரிடம் கொடுக்க மாட்டேன். ஓட்டுகிறவர் யாரோ, அவர் வந்து உட்கார்ந்து கிளச்சை ஒரு தடவை முழுசாக மிதித்துக் காட்டட்டும். பிறகுதான் பானட்டையே திறப்பேன்.