எட்டு மென்பொருள், ஒரு மாமனார்

மருமகள் திரையில் கூட்டல் குறியை அழுத்துகிறார். எழுத்து பெரிதாகிறது. மறுபடி அழுத்துகிறார். ஒரு வரியில் மூன்று சொற்களுக்கு மேல் கொள்ளாது என்ற நிலை வந்ததும் டேப்லெட்டை மாமனாரிடம் நீட்டிவிட்டு, நோட்டும் பென்சிலுமாகப் பக்கத்தில் நின்றுகொள்கிறார்.

"படிங்க மாமா. சத்தமா."

மாமனார் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். பார்வை மங்கிவிட்டது, தொண்டை மட்டும் இன்னும் பணியில் இருக்கிறது. "'கதவைத் திறந்து அவள் நூற்று நாற்பத்தேழு மெல்லச் சிரித்தாள்.' என்னம்மா இது, நடுவுல நூற்று நாற்பத்தேழு?"

"பக்க எண், மாமா. உள்ள வந்து விழுந்துடுச்சு."

"எறங்கச் சொல்லு."

நோட்டில் ஒரு பெருக்கல் குறி விழுகிறது. அன்றைய மென்பொருளின் கதை முடிந்தது.

டயர் கடை மாடியில் இருக்கும் சிறிய பதிப்பகம் ஒன்றில் பன்னிரண்டு வருடங்களாக இவர்தான் பக்கங்களை வடிவமைக்கிறார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பக்கத்து மேசைக்காரரின் விரல்களைப் பார்த்துப் பார்த்துக் கற்றது. பழைய நாற்பது புத்தகங்களை மின்னூலாக மாற்ற ஒரு நல்ல மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்படி முதலாளி ஒருநாள் போகிறபோக்கில் சொன்னார். ஜன்னலைச் சாத்தச் சொல்வதுபோலத்தான் சொன்னார். அதற்கப்புறம் நான்கு மாதம் ஓடிவிட்டது. "என்னைக் கட்டிக்க ஒரே நாள்தான் யோசிச்சா" என்கிறார் கணவர். குறையாகச் சொல்கிறாரா, பெருமையாகச் சொல்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

விளம்பரத்தை இவர் நம்புவதில்லை. ஒன்பது பக்கத்தில் ஒரு சோதனைக் கோப்பு வைத்திருக்கிறார். ஒரு பாட்டு, நான்கு அடிக்குறிப்பு, ஓர் அட்டவணை, ஒரு படம். அச்சில் எவையெல்லாம் இவரைப் பாடாய்ப் படுத்தினவோ அவையெல்லாம் அதில் உண்டு. மென்பொருள் விற்க வந்த ஒருவர், "இது எல்லாத்தையும் தானாவே பண்ணிடும் மேடம்" என்றார். "அப்ப நீங்க கொஞ்சம் தள்ளி உட்காருங்க, அது பண்ணட்டும்" என்று கோப்பைக் கொடுத்தார் இவர். பாட்டு உரைநடையாகி வெளியே வந்தது. விற்க வந்தவர் தண்ணீர் கேட்டார்.

போன மாதம் முதலாளி பொறுமை இழந்தார். "ஏம்மா, பொண்ணுக்கு மாப்பிள்ளையா தேடுற? ஞாயித்துக்கிழமை பன்னெண்டு மணிக்குள்ள ஒரு பேரைச் சொல்லு. இல்லேன்னா வெளியில குடுத்துடறேன். அப்புறம் அந்த மேசையில உனக்கு என்ன வேலைன்னு நீயே யோசிச்சுக்கோ."

அன்று மாலை எட்டாவது மென்பொருளும் தோற்றது. மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏம்மா, எட்டும் ஒரே இடத்துலதானே குடை சாயுது? வண்டி மேல தப்பா, ரோடு மேல தப்பா?"

இவர் உள்ளே போய்த் தன் கோப்பைத் திறந்து, மறைந்திருக்கும் குறிகளைக் காட்டும் பொத்தானைத் தட்டினார். திரை முழுக்க எறும்பு மொய்த்ததுபோலப் புள்ளிகள். பாட்டை நடுவே நகர்த்த இவர் இடைவெளி விசையைத் தட்டித் தட்டி வைத்தவை. பக்க எண்ணைக்கூட ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையால் அடித்திருந்தார். காகிதத்தில் இது எவர் கண்ணுக்கும் தெரியாது. எழுத்தைப் பெரிதாக்கினால் எல்லாம் இடம் மாறி, சந்தி சிரித்துவிடும்.

"எட்டு பேரையும் வாய்க்கு வந்தபடி திட்டினேனே மாமா. அத்தனையும் என் விரல் பண்ணின வேலை."

"பன்னெண்டு வருஷமாவா?"

"பன்னெண்டு வருஷமா."

"நல்லா உழைச்சிருக்கே."

இரண்டு நாள் உட்கார்ந்து புள்ளிகளைப் பொறுக்கினார். பாட்டு வரி இது, தலைப்பு இது என்று ஒவ்வொன்றுக்கும் முறையாக அடையாளம் கொடுத்தார். சுத்தமான கோப்பை எட்டு மென்பொருளுக்கும் மறுபடி ஊட்டினார். ஐந்து தேறின. அந்த ஐந்தில் நான்கு, அடிக்குறிப்பைத் தொட்டால் புத்தகத்தின் கடைசிக்குக் கூட்டிப்போய் அங்கேயே விட்டுவிட்டன. "திரும்பி வர வண்டி கிடையாதா?" என்றார் மாமனார். மிஞ்சியது ஒன்று. பார்க்க லட்சணமில்லாதது, விற்க ஆள்கூட வராதது. அப்போதும் இவருக்கு மனம் ஒப்பவில்லை. "ஒன்பது பக்கத்துக்கு யார் வேணா நல்லவனா நடிக்கலாம். முந்நூறு பக்கம் தாங்குதான்னு பார்க்கணும்."

கெடு வைத்த ஞாயிற்றுக்கிழமை காலை இதை எழுதும் நானும் அந்த வீட்டில் இருந்தேன். பதிப்பகத்தின் பழைய துப்பறியும் நாவல் ஒன்று முழுதாக மாற்றப்பட்டு மாமனார் கையில் இருந்தது. பக்கத்தில் நோட்டும் பென்சிலுமாக இவர். முதல் அத்தியாயம் தெருவுக்கே கேட்டது. இரண்டாவதில் குரல் தணிந்தது. மூன்றாவதில் உதடு மட்டும் அசைந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

"எங்கயாவது உடையுதா மாமா?"

மாமனாரின் விரல் மட்டும் திரையைத் தள்ளியது. மணி பதினொன்றே முக்கால்.

"மாமா, அடிக்குறிப்பைத் தொட்டா திரும்பி வருதா? பாட்டு எப்படி இருக்கு?"

"கொஞ்சம் தள்ளும்மா, வெளிச்சத்தை மறைக்கிறே" என்றார் அவர், தலையை நிமிர்த்தாமல்.

இவர் தள்ளி நின்றார். நோட்டில் இதுவரை ஒரு பெருக்கல் குறிகூட விழவில்லை. பன்னிரண்டு மணிக்குத் தொலைபேசி அடித்தது. அதன் திரையில் முதலாளியின் பெயர். படித்துக்கொண்டிருந்தவரின் புருவம் லேசாகச் சுருங்கியது. அதைப் பார்த்த இவர், அது இரண்டாம் முறை அடிப்பதற்குள் அழைப்பைத் துண்டித்தார்.