கதவில் நசுங்கிய விரல்

இந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார்கள். பாரீஸ் புறநகரில் ஒரு தொடக்கப் பள்ளியின் கந்தீனில், பிள்ளைகள் சாப்பிடும் கூடத்தில், எனக்கு வேலை. சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகள் விளையாடும் ரெக்ரே நேரத்தில் மைதானத்தில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். வந்த புதிதில் எனக்கு விளங்கவே இல்லை. யாராவது இடித்தால் உடனே ஓடி வந்து, "மதாம், அவன் என்னை இடித்துவிட்டான்" என்பார்கள். இடித்தவன் வீட்டிலேயே போய் நின்று சொல்வார்கள். அப்படிச் சொன்னவனை மறு நிமிடமே ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வார்கள். அதுதான் எனக்குப் பெரிய அதிசயம்.

எங்கள் ஊரான உறுவையாற்றில் சொன்னவளுக்கு ஆட்டம் கிடையாது. ஆட்டத்தில் நடந்ததை வீட்டில் சொல்லக் கூடாது என்பது எங்கள் சட்டம். மண்டை உடைந்தாலும் மரத்திலிருந்து விழுந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். நாங்கள் நல்ல பிள்ளைகள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். இங்குள்ள நம் சங்கத்தின் பொங்கல் மலருக்குச் சிறுவயது விளையாட்டுகளைப் பற்றி இனிக்க இனிக்க ஒரு கட்டுரை கேட்டார்கள். நொண்டி, கில்லி, ஏழாங்கல் என்று நானும் ஆசையாகத்தான் ஆரம்பித்தேன். கோலிக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

கோலியில் பையன்களே எனக்குப் பயப்படுவார்கள். தோற்றவர் கையை மடக்கித் தரையில் வைக்க வேண்டும். ஜெயித்தவர் தன் கோலியைச் சுண்டி விரல் முட்டியில் அடிப்பார். எத்தனை அடி என்பது முன்பே பேசியிருக்கும். கையை இழுத்துக்கொண்டால் அது இரண்டு மடங்காகும். எதிர்வீட்டுக் கலாதான் அடிக்கடி தோற்பாள், தோற்றாலும் கையை இழுக்கவே மாட்டாள். அதனாலேயே எனக்கு அவளை அடிக்கப் பிடிக்கும். எங்களுக்குப் பதினொரு வயதிருக்கும் அப்போது. அன்றைக்குப் பத்து அடி. ஆறு அடி வரைக்கும் அவள் முகம் மாறவில்லை, எனக்கு வெறி வந்துவிட்டது. பாவாடை முடிச்சில் டிராக்டர் பேரிங்கிலிருந்து எடுத்த இரும்புக் குண்டு ஒன்று வைத்திருந்தேன். ஏழாவது அடியை அதில் அடித்தேன். சத்தம் கேட்டது.

கலா அழவில்லை. கையை வாயில் வைத்துக்கொண்டு, "வூட்ல சொல்ல மாட்டேன்டி" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மூணு பாக்கி, நாளைக்கு அடிக்கிறேன்" என்றேன். வீட்டில் அவள் கதவில் நசுங்கியது என்று சொல்லிவிட்டாள். அவள் அம்மா நல்லெண்ணெய் தடவித் துணி சுற்றினார். மோதிர விரல் கோணிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது.

எங்களுக்கு இருபத்திரண்டு வயதானபோது கலாவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்குப் பிரெஞ்சு நேஷனாலிட்டி. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை, தெருவே கூடிவிட்டது. நான்தான் கலாவுக்குத் தலை பின்னிப் பூ வைத்துவிட்டேன். காபித் தட்டை நீட்டியபோது மாப்பிள்ளையின் அம்மா விரலைப் பார்த்துவிட்டார். "கை இன்னா ஆச்சு? பொறவியிலேயே கோணலா?" என்று கேட்டார். கதவில் நசுங்கியது என்று கலாவின் அம்மா சொன்னார். "கதவுல நசுங்கினா நகம் போவும், எலும்பு இப்படியா திரும்பும்? நாளைக்குப் பொறக்கற கொழந்தைக்கும் வந்துடப் போவுது" என்றார் அந்த அம்மா. கலா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் அடித்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், சந்தேகம் தீர்ந்திருக்கும். கையில் பூக்கூடையோடு நின்றிருந்த நான் வாயைத் திறக்கவில்லை. ஆட்டத்தில் நடந்ததைச் சொல்லக் கூடாதல்லவா என்று பிறகு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம். பயம்கூட இல்லை, பொறாமை.

மூன்று வாரம் கழித்து அதே குடும்பம் எங்கள் வீட்டுக்கு வந்தது. என் பத்து விரலையும் அந்த அம்மா புரட்டிப் பார்த்தார். நான் பிரான்சுக்கு வந்த கதை இதுதான்.

போன வசந்தத்தில் பள்ளி மைதானத்தில் சில பிள்ளைகள் கோலி ஆடிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கை பரபரத்தது. தோற்றால் கையை மடக்கி வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்து, மெதுவாக ஒரு அடி அடித்தும் காட்டினேன். அந்தச் சிறுமி நேராகப் போய்ச் சொல்லிவிட்டாள். தலைமையாசிரியை என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"உங்கள் நாட்டில் குழந்தைகளுக்கு இந்தத் தண்டனை உண்டா?"

"தண்டனை இல்லை மதாம், விளையாட்டு."

அவர் கொஞ்ச நேரம் என் விரல்களையே பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களை மிகவும் அடித்திருக்கிறார்கள், இல்லையா?" என்றார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அடித்தவள் நான் என்று சொல்லும் அளவுக்கு எனக்குப் பிரெஞ்சு வரும். தலையை மட்டும் ஆட்டினேன்.

அந்தத் தலையாட்டல் என்னைத் தின்றது. ஆகஸ்டு விடுமுறையில் ஊருக்குப் போனதும் மடுகரைக்குப் போனேன். நான் கல்யாணமாகிப் போய் ஐந்து வருடம் கழித்துக் கலாவை அங்கேதான் கட்டிக்கொடுத்தார்கள், ஏற்கெனவே ஒரு பெண் குழந்தை இருந்த ஒருவருக்கு இரண்டாம் தாரமாக. கரும்பு வெட்டி, களை எடுத்து, அவள் என்னைவிடப் பத்து வயது மூத்தவளாகத் தெரிந்தாள். நான் நீட்டிய சாக்லேட் டப்பாவை அந்தக் கோணல் விரலோடுதான் வாங்கினாள்.

"என்ன மன்னிச்சிடு கலா" என்றேன்.

"எதுக்கு? அடிச்சதுக்கா?" அவள் சிரித்தாள். "அது ஆட்டம்டி. தோத்தேன், கைய வெச்சேன். எனக்கு அதுல கோவமே இல்ல. அன்னிக்கு பூக்கூடைய வெச்சிகினு ஊமையாட்டம் நின்ன பாரு, அது எந்த ஆட்டத்துல சேத்தி?"

அதற்குள் அவள் வளர்த்த பெண், கல்லூரியில் படிப்பவள், டீ கொண்டுவந்தாள். "அத்த, அம்மாவும் நீங்களும் ஒண்ணாத்தான வெளையாடுவீங்க? அம்மா வெரலு எப்படி நசுங்கிச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா? கேட்டா கதவுன்னு மட்டும்தான் சொல்லுது" என்றாள்.

இதுதான் நேரம் என்று தோன்றியது. வாயைத் திறந்தேன்.

"கதவுலதான்" என்றாள் கலா, எனக்கு முன்னால். "போய் மாட்டுக்குத் தண்ணி வை."

பெண் போனதும் என் பக்கம் திரும்பினாள். "இப்ப சொன்னா உன் பாரம் எறங்கிடும். எறங்கக் கூடாது. ப்ளேன்ல தூக்கினு வந்த இல்ல, அப்படியே தூக்கினு போ."

டீ ஆறும் வரை உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தேன். வாசல் வரைக்கும்கூட அவள் வரவில்லை.

செப்டம்பரில் பள்ளி திறந்தது. முதல் நாளே ஒரு சிறுமி விரலைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள். யார் செய்தது என்று நான் கேட்பதற்குள், பின்னாலேயே வந்த இன்னொருத்தி, "நான்தான் மதாம்" என்றாள். மன்னிப்புக் கேட்டாள், இருவரும் கைகோத்துக்கொண்டு திரும்பவும் ஆடப் போய்விட்டார்கள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. நான் மைதானத்தின் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். குளிர் இன்னும் தொடங்கவில்லை. வேலை அங்கியின் பைக்குள் என் கை மட்டும் மடங்கியே இருந்தது.